எதற்கு இத்தனை கேள்வி?

காய்ச்சல் வருகிறது. நான்கு நாள் படுக்கிறோம். கஞ்சி குடிக்கிறோம். பிறகு எழுந்து வேலைக்குப் போகிறோம். நோய் போய்விட்டது.

எல்லா நோயும் இப்படிப் போவதில்லை. சில நோய்கள் மாதக் கணக்கில் இருக்கும். சில நோய்கள் ஆயுள் முழுவதும் கூடவே வரும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, காசநோய் எல்லாம் இந்த வகை. இவற்றை நீண்டநாள் நோய் என்று சொல்லலாம்.

நீண்டநாள் நோய் வந்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மாதம் ஒருமுறை போவார். வரிசையில் நிற்பார். மாத்திரை வாங்குவார். திரும்பி வருவார். மற்ற நாளெல்லாம் அவர் வீட்டில் இருக்கிறார். தண்ணீர் பிடிக்கிறார். சமைக்கிறார். கூலிக்குப் போகிறார். பிள்ளைக்கு நோட்டு வாங்கக் கடன் கேட்கிறார். இத்தனைக்கும் நடுவில் மாத்திரையும் சாப்பிட வேண்டும்.

டாக்டருக்கு நோய் தெரியும். அந்த வீடு தெரியுமா? கூலி தெரியுமா? கடன் தெரியுமா?

இதைத் தெரிந்துகொள்ளச் சிலர் வீடு வீடாக வருகிறார்கள். அவர்கள் கையில் நீளமான தாள் இருக்கும். "வீட்டில் எத்தனை பேர்? நேற்று என்ன சமைத்தீர்கள்? எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை? கடன் எவ்வளவு?" என்று கேட்பார்கள்.

எங்கள் மையத்துக்கு வரும் ஒரு அக்காவிடமும் இப்படிக் கேட்டார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருமல்னா சளியைப் பாரு. எங்க வீட்டுச் சோத்துப் பானையை எதுக்குப் பாக்கறே?" என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டார்.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. சளிக்கும் சோற்றுப் பானைக்கும் என்ன தொடர்பு? காசநோயின் கதையை வைத்து இதைப் பார்ப்போம். இது நம் நாட்டில் நடந்த கதை.

காசநோய்

காசநோயை டி.பி. என்றும் சொல்கிறோம். இது ஒரு கிருமியால் வருகிறது. நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றை மூச்சில் இழுப்பவருக்குத் தொற்றலாம். தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உடம்பில் தெம்பு இருந்தால் கிருமி உள்ளேயே அடங்கிக் கிடக்கும். தெம்பு குறைந்தால் தலை தூக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை. இவை முக்கிய அறிகுறிகள். சளியைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்குத் தினமும் மருந்து சாப்பிட வேண்டும். ஆறு மாதம் சாப்பிட வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்று ஒன்று உண்டு. அதற்கு வேறு மருந்து தருகிறார்கள்.

காசநோய் குணமாகும் நோய். ஆனாலும் 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது. உலகக் கணக்கில் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அந்த ஓர் ஆண்டில் மூன்று லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது.

மருந்து இருக்கிறது. இலவசமாகவும் இருக்கிறது. பிறகு ஏன் சாகிறார்கள்? சளியை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

மலைமேல் ஆஸ்பத்திரி

ஒரு காலத்தில் காசநோய்க்கு மருந்தே இல்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இவைதான் வைத்தியம். இதற்காகத் தனி ஆஸ்பத்திரி கட்டினார்கள். அதன் பெயர் சானடோரியம். மலைப் பக்கத்திலும் ஊருக்கு வெளியிலும் கட்டினார்கள். இமயமலை அடிவாரத்தில் பவாலி என்ற ஊரில் ஒன்று இருந்தது. நேருவின் மனைவி கமலா நேரு அங்கே சிகிச்சை பெற்றார். சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் ஒன்று வந்தது. இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்தான்.

1940-களிலும் 1950-களிலும் நல்ல மருந்துகள் வந்தன. ஆனாலும் பழைய வழக்கம் மாறவில்லை. நோயாளி சானடோரியத்தில் ஒரு வருடம் படுத்திருக்க வேண்டும் என்றே டாக்டர்கள் நினைத்தார்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல். அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. காசநோய் நகரத்து நோய் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். கிராமத்திலும் அதே அளவு இருக்கிறது என்று தெரிந்தது. நோயாளிகள் பல லட்சம் பேர். அத்தனை பேருக்கும் படுக்கை எங்கே? கட்டப் பணம் எங்கே? கட்டி முடிக்கும்வரை நோயாளி காத்திருப்பாரா?

அரசு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எந்த மருந்து கொடுப்பது, எங்கே கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, பணத்தை எதில் செலவு செய்வது என்று அரசு முடிவு செய்கிறது அல்லவா? அதைத்தான் சுகாதாரக் கொள்கை என்கிறார்கள். கொள்கை என்றால் ஏதோ பெரிய வார்த்தை என்று பயப்பட வேண்டாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மாத்திரை இருக்குமா, இருக்காதா என்பதும் கொள்கையில்தான் இருக்கிறது.

சென்னையில் சீட்டுக் குலுக்கல்

வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன? இப்படி ஒரு யோசனை வந்தது. பலர் தலையை ஆட்டினார்கள். குடிசையில் காற்று இல்லை. நல்ல சாப்பாடு இல்லை. ஓய்வு இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் நோய் தொற்றிவிடும். இப்படிச் சொன்னார்கள்.

யார் சொல்வது சரி? பேசிப் பயன் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும்.

விவசாயிக்கு இது புதிதல்ல. கடைக்காரர் புது விதை கொடுக்கிறார். நல்ல விதை என்கிறார். விவசாயி உடனே நம்புவதில்லை. ஒரே வயலில் பாதிக்குப் பழைய விதை போடுகிறார். மீதிப் பாதிக்குப் புது விதை போடுகிறார். ஒரே தண்ணீர் விடுகிறார். ஒரே உரம் போடுகிறார். அறுவடையில் இரண்டையும் அளந்து பார்க்கிறார். அதுதான் ஆய்வு.

1956-இல் சென்னையில் இதே போன்ற ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து ஒரு மையம் அமைத்தன. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அதை நடத்தினார். நகரத்தின் ஏழை மக்கள் 193 பேர் இந்த ஆய்வில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் நுரையீரலில் காசநோய்.

இவர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். யார் பிரிப்பது? டாக்டர் பிரித்தால் என்ன ஆகும்? தெம்பானவரை வீட்டுக்கு அனுப்பலாம். மெலிந்தவரைச் சானடோரியத்துக்கு அனுப்பலாம். பிறகு யார் எதனால் குணமானார் என்று சொல்ல முடியாது. அதனால் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். ஏலச் சீட்டில் பெயர் எழுதிக் குலுக்குவோமே, அது மாதிரி. ஒரு பிரிவினர் சானடோரியம் போனார்கள். இன்னொரு பிரிவினர் வீட்டிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து. ஒரு வருடம்.

சானடோரியத்தில் படுக்கை உண்டு. நர்சு உண்டு. நல்ல சாப்பாடு உண்டு. வீட்டில் இருந்தவர்கள் இடுக்கமான வீட்டில் இருந்தார்கள். சாப்பாடு குறைவு. கொஞ்சம் தேறியதும் பலர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பெண்கள் அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வருடம் முடிந்தது. சளியைச் சோதித்தார்கள். சானடோரியத்தில் 100-க்கு 92 பேர் தேறியிருந்தார்கள். வீட்டில் 100-க்கு 86 பேர் தேறியிருந்தார்கள். அவர்கள் சளியில் கிருமி இல்லை.

ஆறு பேர் வித்தியாசம். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சானடோரியத்தில் ஒருவருக்கு ஆகும் செலவில் வீட்டில் பல பேருக்கு மருந்து கொடுக்கலாம். படுக்கை கிடைக்காதவருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. அவரும் இந்தக் கணக்கில் வர வேண்டும் அல்லவா?

வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றியதா? அந்தக் குடும்பங்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவரின் குடும்பத்தில் நோய் அதிகம் வரவில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். காரணம் என்ன? தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே நடந்துவிடுகிறது. மருந்து ஆரம்பித்தால் கிருமி பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

இது பெரிய செய்தி. நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே வைக்க வேண்டியதில்லை. அவரைத் திண்ணையில் தள்ள வேண்டியதில்லை. இன்னும் சில வீடுகளில் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இந்த ஆய்வின் முடிவு 1959-இல் வெளிவந்தது. உலகம் முழுவதும் டாக்டர்கள் படித்தார்கள். பல நாடுகளில் சானடோரியங்களைக் கைவிட்டார்கள். வீட்டில் மருந்து சாப்பிடும் வழக்கம் வந்தது. சென்னையின் 193 ஏழைகள் அதற்கு ஒரு பெரிய காரணம். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மையத்தினர் வீட்டில் இருந்தவர்களிடம் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மீதி மருந்தை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். குடும்பத்தாரிடம் பேசினார்கள். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

தும்கூரில் கேட்டது

1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் போடுவது அதன் வேலை.

அப்போது பல அதிகாரிகளுக்கு ஓர் எண்ணம் இருந்தது. கிராமத்து மக்களுக்கு ஒன்றும் தெரியாது. நோய் வந்தால் பூசாரியிடம் போவார்கள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். நாம்தான் எக்ஸ்ரே வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பிடிக்க வேண்டும். இப்படி நினைத்தார்கள்.

தெபாபர் பானர்ஜி என்பவர் அந்த நிறுவனத்தில் வேலை செய்தார். டாக்டருக்குப் படித்தவர். சமூக ஆய்வும் படித்தவர். அவரும் டென்மார்க் நாட்டு டாக்டர் ஸ்டிக் ஆண்டர்சனும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் காசநோய் இருப்பவர்களைக் கண்டுபிடித்து, அவர்களிடமே கேட்டார்கள். "உங்களுக்கு உடம்பில் என்ன தெரிகிறது? கவலைப்பட்டீர்களா? எங்கே போனீர்கள்? என்ன சொன்னார்கள்?"

பதில் அதிகாரிகள் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரிந்திருந்தது. பெரும்பாலோர் கவலைப்பட்டிருந்தார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? இருமலுக்கு ஒரு பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரும் சளியைப் பார்க்கவில்லை.

ஆக, தெரியாமல் இருந்தது யாருக்கு?

1963-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மிகப் பெரிய ஆய்வு இதுதான். இதில் புது மருந்து இல்லை. கருவி இல்லை. நோயாளியிடம் உட்கார்ந்து கேட்டார்கள். அவ்வளவுதான். எக்ஸ்ரே வண்டி ஊரைத் தேடி அலைய வேண்டாம். இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வருபவரின் சளியை அங்கேயே சோதித்தால் போதும், நிறையப் பேரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று புரிந்தது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தின் அடிப்படையே இதுதான். சாதாரண ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை. வீட்டில் மருந்து.

இருமல் பாட்டில் கதை முடிந்துவிடவில்லை. இன்றும் நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் நீங்களே கேளுங்கள். "சளிப் பரிசோதனை எழுதிக் கொடுங்கள், ஐயா" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பாதியில் நின்ற மாத்திரை

திட்டம் நல்ல திட்டம். ஆனால் முப்பது வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்கள். 1992-இல் ஒரு மறு ஆய்வு நடந்தது. மருந்து ஆரம்பித்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே முழுவதும் சாப்பிட்டிருந்தார்கள்.

ஏன்? சென்னையில் வீட்டு வைத்தியம் பலித்தது. நாட்டில் ஏன் பலிக்கவில்லை?

சென்னையில் வீட்டுக்கு ஆள் வந்தார். மருந்தை எண்ணினார். பேசினார். திட்டத்தில் அது பெரும்பாலும் விட்டுப்போயிற்று. மருந்து வீட்டுக்கு வந்தது, ஆள் வரவில்லை. பல ஊர்களில் மருந்தும் சமயத்துக்கு வரவில்லை. ஆய்வில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நோயாளி பக்கமும் ஒன்று உண்டு. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டதும் இருமல் நின்றுவிடும். பசி எடுக்கும். "எனக்கு நல்லாயிடுச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று தோன்றும். ஆனால் உள்ளே கொஞ்சம் கிருமி மிச்சம் இருக்கும். மருந்தை நிறுத்தினால் அது மறுபடி பெருகும். சில சமயம் அந்தக் கிருமி பழைய மருந்துக்குக் கட்டுப்படாது. அதனால்தான் கடைசி மாத்திரைவரை சாப்பிடச் சொல்கிறார்கள்.

1993-இல் புதுத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. 1997 முதல் மாவட்டம் மாவட்டமாக விரிந்தது. 2006-இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. இதில் ஒருவர் கண்ணெதிரே நோயாளி மருந்து விழுங்க வேண்டும். முதல் மாதங்களில் வாரம் மூன்று நாள் மையத்துக்கு வர வேண்டும். பலர் குணமானார்கள். இது உண்மை.

ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? மேஸ்திரி காலை எட்டு மணிக்கு ஆள் எடுப்பார். மையம் ஒன்பது மணிக்குத் திறக்கும். மருந்துக்குப் போனால் கூலி போச்சு. கூலிக்குப் போனால் மருந்து போச்சு.

இந்தக் கூலிக் கணக்கையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். சென்னையில் 1956-இல் தொடங்கிய அதே மையம்தான் செய்தது. அப்போது அதன் பெயர் காசநோய் ஆராய்ச்சி மையம். இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளிடம் வேலை, கடன், வீடு, பிள்ளைகள் எல்லாம் கேட்டார்கள். ஒரு நோயாளி சராசரியாக மூன்று மாதக் கூலியை இழந்திருந்தார். மருந்து இலவசம்தான். ஆனால் நோய் இலவசம் இல்லை. நோயாளிகளின் வீட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் படிப்பை நிறுத்தியிருந்தார்.

அப்பாவுக்கு இருமல். பிள்ளைக்குப் படிப்பு நின்றது. சளியைச் சோதித்தால் இது தெரியுமா? "பிள்ளை பள்ளிக்குப் போகிறதா?" என்று கேட்டால்தான் தெரியும்.

2017 முதல் வாரம் மூன்று நாள் முறை போய், தினமும் மருந்து சாப்பிடும் முறை நாடு முழுவதும் வந்தது. பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருகிறார்கள்.

சோற்றுப் பானை

இப்போது பானைக்கு வருவோம்.

சென்னை ஆய்வில் சாப்பாடு குறைவாக இருந்தவர்களும் குணமானார்கள் அல்லவா? அதைப் பார்த்துப் பலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மருந்து போதும், சாப்பாடு முக்கியம் இல்லை என்று நினைத்தார்கள். பல வருடம் சாப்பாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

ஆனால் சென்னையில் கேட்ட கேள்வி வேறு. "வீட்டில் மருந்து கொடுத்தால் கிருமி போகுமா?" என்று கேட்டார்கள். போகும் என்று பதில் வந்தது. "பசியோடு இருக்கும் குடும்பத்தில் அடுத்து யாருக்கு நோய் வரும்?" என்று அங்கே கேட்கவில்லை.

அதைக் கேட்டது ஜார்க்கண்ட் மாநிலத்தில். 2019 முதல் 2022 வரை நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் பெயரே ரேஷன்ஸ். டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா இருவரும் அதை முன்னின்று நடத்தினார்கள். சென்னை நிறுவனத்தினரும் பங்கேற்றார்கள். ஆய்வில் இருந்தவர்களில் பலர் ஆதிவாசிகள்.

2,800 நோயாளிகள். அவர்கள் வீட்டில் இருந்தவர்கள் 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் இருக்க வேண்டிய எடை இல்லாமல் மெலிந்து இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அரிசி, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் அதில் இருந்தன.

குடும்பத்தாரைத்தான் பிரித்தார்கள். பகுதி பகுதியாகச் சீட்டுக் குலுக்கினார்கள். சில பகுதிகளில் நோயாளிக்கு மட்டும் உணவு. மற்றப் பகுதிகளில் வீட்டில் இருந்தவர்களுக்கும் உணவு. பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. சத்து மாத்திரையும் உண்டு.

பிறகு யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதாவது 100 பேருக்கு வர வேண்டிய இடத்தில் 61 பேருக்கே வந்தது. ஊசி இல்லை. புது மருந்து இல்லை. அரிசியும் பருப்பும்தான்.

நோயாளிகளிடமும் ஒன்றைக் கவனித்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் யாருக்கு எடை கூடியதோ அவர்களில் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 2023-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. அதனால் மையத்தில் எடை பார்க்கும்போது எண்ணைக் கேட்டுக் குறித்து வையுங்கள். உங்களுக்கு எண் படிக்கத் தெரியும். இரண்டு மாதத்தில் எடை கூடவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பானைக்கும் சளிக்கும் என்ன தொடர்பு என்பது இப்போது தெரிகிறது. பானை காலியாக இருந்தால் அடுத்த இருமல் அதே வீட்டில் கேட்கும்.

அரசு என்ன செய்கிறது? 2018 ஏப்ரல் முதல் நிக்ஷய் போஷண் திட்டம் இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் உணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். பணம் வங்கிக் கணக்கில் வரும். கணக்கு எண் சரியாக இருக்க வேண்டும். சில சமயம் பணம் தாமதமாக வருகிறது. மருந்து முடிந்த பிறகு வரும் பணம் பாலாக ஆகாது, முட்டையாக ஆகாது. முதல் இரண்டு மாதத்தில் வந்தால்தான் முழுப் பயன். வரவில்லை என்றால் மையத்தில் கேளுங்கள். 1800-11-6666 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம். அதற்குக் காசு கிடையாது.

குடும்பத்தாருக்கு? நிக்ஷய் மித்ரா என்று ஒரு திட்டம் உண்டு. விருப்பம் உள்ளவர்கள் நோயாளிக்கு உணவுப் பொருள் வாங்கித் தரலாம். 2024-இல் இதைக் குடும்பத்தாருக்கும் விரிவாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் கொடுக்க ஆள் வர வேண்டும். ஒரு ஊரில் வருவார், இன்னொரு ஊரில் வரமாட்டார். ரேஷன் கடை அரிசி போல இது உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்களிடம் கேட்க வந்தால்

ஆய்வுக்கு வருபவர் உங்களிடம் கேட்கலாம். நீங்களும் அவரிடம் கேட்கலாம். இதற்கு விதிமுறை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்டிருக்கிறது.

ஆய்வுக்கு வருபவர் முதலில் ஒரு தகவல் தாள் தர வேண்டும். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். யார் நடத்துகிறார்கள், எதற்கு நடத்துகிறார்கள், உங்களுக்கு என்ன நன்மை, என்ன கஷ்டம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வதை ஊருக்குள் யாரிடமும் சொல்லக் கூடாது. உங்களுக்கு இஷ்டம் இல்லை என்றால் மறுக்கலாம். சேர்ந்த பிறகும் விலகலாம். மறுத்தால் உங்கள் மருந்தை யாரும் நிறுத்தக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது பக்கத்தில் சாட்சி இருக்க வேண்டும். சாட்சி ஆய்வுக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது. உங்களுக்கு இப்போது படிக்கத் தெரியும். தாளை வாங்கி நிதானமாகப் படியுங்கள். அவசரப்படுத்தினால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லுங்கள். புரியாத வார்த்தையைக் காட்டிக் கேளுங்கள். "முடிவு வந்ததும் எங்களுக்கு வந்து சொல்வீர்களா?" என்றும் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டால் தாளில் ஒரு பிரதி உங்களுக்கு உண்டு. அதை வாங்கி ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் வையுங்கள்.